ஒரு லேப்டாப், இரண்டு ஓஎஸ்: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

பெங்களூரு சிவாஜிநகரில் கடைகளுக்குக் கணக்கு எழுதும் என் மாமாவுக்கு விண்டோஸ் இல்லாமல் முடியாது. டேலி என்ற கணக்கு மென்பொருள் நேரடியாக ஓடுவது அதில்தான். ஜிஎஸ்டி தாக்கலுக்குச் செருகும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அதில்தான் ஒழுங்காக வேலை செய்கிறது. அவர் மகள் இஞ்சினியரிங் மூன்றாம் வருடம். அவளுடைய பாடத்துக்கும் புராஜெக்டுக்கும் லினக்ஸ் வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப், அதனால் இரண்டு ஓஎஸ்ஸும் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அதிலேயே இருக்கின்றன. அல்சூர், மர்பி டவுன் பக்கம் எனக்குத் தெரிந்த வீடுகளில் இப்படி ஏழெட்டு லேப்டாப் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்த பிறகு, பழைய லேப்டாப்பில் லினக்ஸையும் சேர்த்துப் போட்டுக்கொண்டவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் இதில் ஏதோ ஒன்று என் மேசைக்கு வந்துவிடும்.

திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இது ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரி. கடிகாரம், பூட் வரிசை (ஆன் செய்ததும் எந்த ஓஎஸ் முதலில் திறக்க வேண்டும் என்பது), டி டிரைவ், பூட்டுச் சாவி இவை நான்கும் பொது. ஒரு குடித்தனம் தன் வசதிக்கு அதை மாற்றி வைத்துவிட்டுப் போகிறது, அடுத்தது வந்து தடுமாறுகிறது. இரண்டு ஓஎஸ்ஸும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதனால் "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம்" என்று யார் சொன்னாலும் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். கீழே உங்கள் அறிகுறி இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டளைகளை நான் போனில் சொல்வது போல உச்சரிப்பாகவே எழுதியிருக்கிறேன். தட்டும்போது சிறிய ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். லினக்ஸ் என்று சொல்லும் இடமெல்லாம் உபுண்டுவையோ லினக்ஸ் மின்ட்டையோ மனதில் வைத்துச் சொல்கிறேன். எங்கள் பக்கம் எல்லோரிடமும் இருப்பது இவைதான்.

## கை வைக்கும் முன்

இரண்டு விஷயம். ஏதாவது ஒரு ஓஎஸ் திறக்கிறது என்றால், முக்கியமான கோப்புகளை முதலில் வெளி டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ எடுத்து வையுங்கள். அப்புறம், விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன் 48 இலக்கச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் (ஓஎஸ் திறக்கும் முன் ஓடும், லேப்டாப்பின் சொந்த அமைப்புத் திரை) எதைத் தொட்டாலும் இந்தச் சாவி கேட்கப்படலாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு உங்கள் ஐடி பிரிவைக் கூப்பிடுங்கள். அதில் இரண்டாவது ஓஎஸ் போடுவதே கூடாது.

## மணி தவறாகக் காட்டுகிறது

மாமா ஒருநாள் காலையில் போன் செய்தார்.

"தம்பி, இங்க மணி பத்தே கால். லேப்டாப் நாலே முக்கால்னு காட்டுது. நேத்து சாயங்காலம் சரியாத்தான் இருந்துச்சு."

"ராத்திரி லேப்டாப்ப யார் எடுத்தா மாமா?"

"பாப்பாதான், அவ புராஜெக்டுக்கு."

அதுதான் விடை.

### வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால்

லேப்டாப்புக்குள் ஒரே ஒரு கடிகாரம்தான் இருக்கிறது. விண்டோஸ் அதில் நம் ஊர் மணியை வைக்கும். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை வைக்கும். இரண்டுக்கும் இடையே ஐந்தரை மணி. லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் மணி பின்னால் இருக்கும். விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போனால், இணையம் கிடைக்கும்வரை முன்னால் இருக்கும். மாலை ஆறரைக்கு மேல் என்றால் லினக்ஸில் தேதியே நாளையாகிவிடும்.

மணிதானே என்று விட்டுவிடாதீர்கள். மாமா ஒருமுறை பதினொரு மணிக்கு விண்டோஸில் டேலி பேக்கப் எடுத்தார். கடிகாரம் பின்தங்கியிருந்ததால் அந்தக் கோப்பில் 5:30 என்று நேரம் விழுந்தது. கடையில் வேறு கம்ப்யூட்டரில் காலை ஒன்பதுக்கு எடுத்த பேக்கப் பென்டிரைவில் இருந்தது. இரண்டையும் சேர்க்கும்போது, "புதியதை வைக்கவா?" என்ற கேள்விக்கு அவர் நியாயமாகவே ஒன்பது மணிக் கோப்பைத் தேர்ந்தெடுத்தார். அதன்பின் போட்ட இரண்டு மணி நேர வவுச்சர்கள் எல்லாம் போயிற்று. அன்று இரவு பில் கட்டை எடுத்துவைத்துக்கொண்டு நானும் அவரும் மறுபடி உட்கார்ந்து எழுதினோம்.

சரிசெய்வது சுலபம். லினக்ஸைத் திறந்து, இணையத்தில் இணைத்து, மணி சரியாக வந்துவிட்டதா என்று பாருங்கள். அப்புறம் கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலில்: "டைம்டேட்சிடிஎல்", இடைவெளி, "செட்-லோக்கல்-ஆர்டிசி", இடைவெளி, 1. இனி லினக்ஸும் ஊர் மணியையே வைக்கும். விண்டோஸுக்குப் போய், டைம் அண்ட் லாங்வேஜ் அமைப்பில் "சிங்க் நவ்" ஒருமுறை அழுத்துங்கள்.

லினக்ஸ் இந்த மாற்றத்தைப் பரிந்துரைக்காது, எச்சரிக்கையும் காட்டும். கோடைக்கும் குளிருக்கும் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இது குழப்பம் தரும் என்பதால் அந்த எச்சரிக்கை. நம் நாட்டில் அந்த வழக்கம் இல்லை, தைரியமாகச் செய்யலாம். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் மாற்றும் வழி ஒன்றும் உண்டு. ஏதாவது ஒரு பக்கம் மட்டும் செய்யுங்கள். இரண்டு பக்கமும் செய்தால் மறுபடி ஐந்தரை மணி தவறும், இந்தமுறை எதிர்த் திசையில்.

### தேதியே பல வருடம் பின்னால் போயிருந்தால்

இதற்கும் ஓஎஸ்ஸுக்கும் சம்பந்தமில்லை. மதர்போர்டில் இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. சார்ஜரையும் கழற்றிவிட்டு ஓர் இரவு வைத்தால் பழைய தேதிக்குத் திரும்பிவிடுகிறதா என்று பாருங்கள். திரும்பினால் இதுதான். வழக்கமாக இருப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. டெஸ்க்டாப்பில் நீங்களே மாற்றலாம். லேப்டாப்பில் பெரும்பாலும் வயர் வைத்துச் சுற்றிய பேட்டரியாக இருக்கும், கடையில் கொடுப்பதே நல்லது. இதை தள்ளிப்போடாதீர்கள். பேட்டரி தீர்ந்தால் பயாஸ் அமைப்புகளும் தொடக்க நிலைக்குப் போய்விடும். கீழே வரும் மூன்று அறிகுறிகளுக்கு அதுவே காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

## தேர்வுப் பட்டியல் வராமல் நேராக விண்டோஸ் வருகிறது

அதிகம் பேர் பயந்துபோய் வருவது இதற்குத்தான். "லினக்ஸ் அழிஞ்சிடுச்சு" என்பார்கள். இதுவரை என்னிடம் வந்ததில் ஒன்றில்கூட அழிந்திருக்கவில்லை.

முதல் சோதனைக்கு எந்த விசையும் நினைவில் இருக்க வேண்டாம். விண்டோஸில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலப் பட்டியலில் "யூஸ் எ டிவைஸ்" என்று வரும். அதற்குள் உபுண்டு என்ற பெயர் இருக்கிறதா? அந்த வரியே காட்டவில்லை என்றால், லேப்டாப்பை ஆன் செய்த உடனே பூட் மெனு விசையைத் தட்டுங்கள். லெனோவோ, டெல் என்றால் எஃப்12. ஹெச்பி என்றால் எஸ்கேப் அழுத்தி எஃப்9. ஆசஸ் என்றால் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் அதை முதலில் பயாஸில் போய் ஆன் செய்ய வேண்டும்.

### பெயர் இருக்கிறது

அதைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் வந்துவிடும். பூட் வரிசை மட்டும் மாறியிருக்கிறது, பெரிய அப்டேட்டுக்குப் பிறகு இப்படி ஆவது உண்டு. பயாஸில் பூட் பகுதிக்குப் போய் உபுண்டுவை விண்டோஸ் பூட் மேனேஜருக்கு மேலே நகர்த்திச் சேமியுங்கள். அவ்வளவுதான் வேலை.

### பெயரே இல்லை

பயாஸ் அப்டேட் ஆகியிருக்கலாம், அல்லது மேலே சொன்ன பேட்டரி தீர்ந்திருக்கலாம். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, எழுத்துப் பெயர் இல்லாத பெரிய பகுதி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் லினக்ஸ். இருந்தால் நிம்மதி. அதை ரைட் கிளிக் செய்து எழுத்துப் பெயர் கொடுக்காதீர்கள். கொடுத்தால் "ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று விண்டோஸ் கேட்கும். தப்பித்தவறி யாராவது சரி என்று அழுத்திவிட்டால் லினக்ஸ் உண்மையாகவே போய்விடும்.

8 ஜிபி பென்டிரைவில் உபுண்டு லைவ் (நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் உபுண்டு) தயாரித்து, "ட்ரை உபுண்டு" மூலம் உள்ளே போங்கள். அங்கே பூட்-ரிப்பேர் என்ற கருவியை நிறுவி "ரெக்கமெண்டட் ரிப்பேர்" கொடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம். லைவ் பென்டிரைவ் ஒன்று எப்போதும் மேசை டிராயரில் இருக்கட்டும். லேப்டாப் படுத்த பிறகு அதைத் தயாரிக்க இன்னொரு கம்ப்யூட்டரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பூட்-ரிப்பேர் ஓடியும் பெயர் வரவில்லை என்றால் அதற்கு மேல் வேறு வேறு பொத்தான்களை அழுத்திப் பார்க்காதீர்கள். லினக்ஸ் தெரிந்த ஒருவரிடம் காட்டும் கட்டம் இது.

## பட்டியல் வருகிறது, அதில் விண்டோஸ் இல்லை

ஓஎஸ் தேர்வுப் பட்டியலைக் காட்டும் நிரலின் பெயர் க்ரப். 2021-இல் வந்த க்ரப் 2.06-லிருந்து, மற்ற ஓஎஸ்களைத் தேடும் வேலை இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. லினக்ஸில் "ஈடிசி" ஃபோல்டருக்குள் "டிஃபால்ட்" ஃபோல்டரில் இருக்கும் "க்ரப்" கோப்பை நிர்வாகி அனுமதியோடு திறந்து, "க்ரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்" என்ற வரியின் முன் இருக்கும் # குறியை எடுத்துவிட்டு, அதன் மதிப்பை "ஃபால்ஸ்" என்று வையுங்கள். இந்த வரி மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். வரியே இல்லை என்றால் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு "சூடோ அப்டேட்-க்ரப்". ஓடும்போது விண்டோஸ் பூட் மேனேஜர் கிடைத்தது என்று ஒரு வரி வந்தால் முடிந்தது. அதற்குள் அவசர வேலை என்றால் பூட் மெனு விசையிலேயே விண்டோஸைத் தேர்ந்தெடுக்கலாம்.

## கறுப்புத் திரையில் "க்ரப் ரெஸ்க்யூ" என்று நிற்கிறது

கேட்க வேண்டிய முதல் கேள்வி: விண்டோஸிலிருந்து யாராவது இடம் காலி செய்தார்களா? "தெரியாத ஒரு பகுதி இருந்தது, அழித்தேன்" என்ற பதில் வந்தால் அந்தப் பகுதிதான் லினக்ஸ். பட்டியல் காட்டும் ஆள் மட்டும் வாசலில் நிற்கிறான், வீடு இல்லை.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, பூட் மெனு விசையில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் வந்துவிடும். அழித்த லினக்ஸில் முக்கியமான கோப்பு இருந்தால், அந்தக் காலி இடத்தில் எதையும் எழுதாமல், அதில் புதிய டிரைவ் உருவாக்காமல், டேட்டா மீட்பவரிடம் கொண்டுபோங்கள். அந்த இடத்தில் எதுவும் எழுதப்படாதவரை மீட்க வழி இருக்கிறது.

யாரும் எதையும் அழிக்கவில்லை, லினக்ஸ் தனி டிஸ்க்கில் இருக்கிறது என்றால் அந்த டிஸ்க் பயாஸில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

## "எஸ்பிஏடி" என்று ஏதோ சொல்லிவிட்டு அணைந்துபோகிறது

"செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்ற வரியும் சேர்ந்து வரும். 2024 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், பழைய லினக்ஸ் பூட் கோப்புகளைத் தடை செய்தது. பலருடைய இரட்டை ஓஎஸ் கணினிகளில் லினக்ஸ் திறக்காமல் போனது அப்போதுதான். 2025 மே மாத அப்டேட்டில் அது சரிசெய்யப்பட்டது. ஆனாலும் பல மாதம் லினக்ஸ் பக்கமே போகாமல் இருந்துவிட்டு இன்று திறப்பவர்களுக்கு இன்னும் வருகிறது.

பிட்லாக்கர் சாவி கையில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, பயாஸில் செக்யூர் பூட்டை (நம்பகமான பூட் கோப்புகளை மட்டும் திறக்க விடும் பாதுகாப்பு) அணையுங்கள். லினக்ஸ் திறக்கும். "சூடோ மோகுடில் --செட்-எஸ்பிஏடி-பாலிசி டெலீட்" கொடுத்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி லினக்ஸுக்கே போங்கள். அங்கே எல்லா அப்டேட்டையும் போட்டு முடியுங்கள். பிறகு செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்யுங்கள். அணைத்ததை அப்படியே விட்டுவிட வேண்டாம்.

## டி டிரைவ் லினக்ஸில் திறக்கவில்லை, அல்லது திறந்தும் எழுத விடவில்லை

இதுதான் மாதம் ஒருமுறையாவது வரும் கோளாறு. பாப்பா தன் புராஜெக்ட் கோப்பை டி டிரைவில் சேமிக்கப் போனால் "ரீட்-ஒன்லி" என்று வரும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள்.

### விண்டோஸை ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் வந்தீர்களா?

அப்படியென்றால் காரணம் அதுதான். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. அது ஆன் ஆகியிருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் டிரைவைப் பிடித்துக்கொண்டே போகிறது. லினக்ஸ் அதைப் பார்த்து, "இது இன்னொருவர் பாதியில் விட்டுப்போன வேலை" என்று எழுத மறுக்கிறது. மறுப்பது நம் கோப்புகளின் நன்மைக்குத்தான்.

உடனடி வழி: விண்டோஸுக்குத் திரும்பிப் போய், ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து, அந்த வழியில் லினக்ஸுக்கு வாருங்கள். ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணையும்.

நிரந்தர வழி: கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் "பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும்" என்ற பகுதி. மேலே இருக்கும், அமைப்பை மாற்ற அனுமதிக்கும் நீல வரியை அழுத்தினால்தான் கீழே இருக்கும் டிக் மாற்ற வரும். பலர் அந்த வரியைக் கவனிக்காமல், "மங்கலா இருக்கு, மாற மாட்டேங்குது" என்று போன் செய்கிறார்கள். "டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்" டிக்கை எடுத்துச் சேமியுங்கள். விண்டோஸின் பெரிய அப்டேட் வந்த பிறகு இந்த டிக் திரும்ப வந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

### ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் அணைத்தும் வருகிறதா?

கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து, விண்டோஸ் திடீரென்று அணைந்திருக்கலாம். விண்டோஸிலேயே டி டிரைவை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ், டூல்ஸ், செக் கொடுங்கள். லினக்ஸ் பக்கமிருந்து வலுக்கட்டாயமாகத் திறக்கும் கட்டளைகள் சில உண்டு. பாதித் தூக்கத்தில் இருக்கும் விண்டோஸின் நினைவுக் கோப்பையே அவை அழித்துவிடும், அதில் சேமிக்காத டேலி எண்ட்ரி இருந்தால் அதுவும் போகும். அதனால் நான் அவற்றை யாருக்கும் சொல்வதில்லை.

### பாஸ்வேர்ட் கேட்கிறதா?

டி டிரைவும் பிட்லாக்கருக்குள் இருக்கிறது. டி டிரைவுக்கென்று இருக்கும் 48 இலக்கச் சாவியைக் கொடுத்தால் திறக்கும், சி டிரைவின் சாவி வேறு. இரண்டு பேரும் தினமும் புழங்கும் டிரைவ் என்றால், அதற்கு மட்டும் பூட்டை நீக்கிவிடுவதா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். லேப்டாப் வெளியே போகும் பழக்கம் இருந்தால் நீக்க வேண்டாம் என்பேன்.

செக் கொடுத்ததில் பிழை திரும்பத் திரும்ப வருகிறது, கோப்பு திறக்க நிமிடக் கணக்காகிறது என்றால் டிஸ்க்கே தளர்கிறது. அன்றே எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, புது எஸ்எஸ்டிக்கு விலை கேளுங்கள்.

## நீலத் திரை 48 இலக்கச் சாவி கேட்கிறது

பயாஸில் செக்யூர் பூட்டை மாற்றினாலோ, பயாஸ் அப்டேட் ஆனாலோ, பேட்டரி தீர்ந்து அமைப்புகள் அழிந்தாலோ, லேப்டாப்பை யாரோ நோண்டியிருக்கிறார்கள் என்று பிட்லாக்கர் எடுத்துக்கொள்ளும். "நான் இதையெல்லாம் ஆன் பண்ணவே இல்லையே" என்பார்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான லேப்டாப்களில் இது தானாகவே ஆன் ஆகிவிடும்.

முதலில், கடைசியாக மாற்றிய பயாஸ் அமைப்பைப் பழையபடி வையுங்கள். பல நேரம் அதோடு விண்டோஸ் திறந்துவிடும். இல்லையென்றால், விண்டோஸ் நிறுவும்போது கொடுத்த மின்னஞ்சலை வைத்து, போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்துக்குப் போங்கள். டிவைஸ் பகுதியில் சாவி இருக்கும். திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தும் அங்கே இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். லேப்டாப்பைச் செட் செய்து கொடுத்த கடைக்காரரோ மருமகனோ தன் மின்னஞ்சலைப் போட்டிருக்கலாம், அவர்களிடமும் கேளுங்கள்.

எங்கேயும் சாவி கிடைக்கவில்லை என்றால் உள்ளே இருப்பது திரும்பாது. "நாங்க எடுத்துத் தர்றோம்" என்று எந்தக் கடை பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். விருப்பம் இருந்தால் அழித்துப் புதிதாகப் போட்டுத் தருவார்கள், அவ்வளவுதான் அவர்களால் முடியும்.

## லினக்ஸில் வைஃபை காணவில்லை

ஏரோப்ளேன் விசை அழுந்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்தது மறுபடி ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். சில வைஃபை கார்டுகளை விண்டோஸ் பாதித் தூக்கத்திலேயே பிடித்துவைத்திருக்கும். நேற்றுவரை வேலை செய்து, அப்டேட்டுக்குப் பிறகு நின்றுபோனால், பட்டியலில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" போய்ப் பழைய கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) திறந்து பாருங்கள். அங்கே வைஃபை வந்தால் அடுத்த அப்டேட் வரும்வரை அதிலேயே இருங்கள்.

ஆரம்பத்திலிருந்தே வரவில்லை என்றால், போனை யுஎஸ்பி வயரில் இணைத்து, போனின் இணையத்தைப் பகிரும் டெதரிங்கை ஆன் செய்து, "அடிஷனல் டிரைவர்ஸ்" திறந்து, அங்கே ஏதாவது காட்டினால் நிறுவுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், லினக்ஸில் வேலை செய்யும் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று வாங்கிவிடுவது சுருக்கமான வழி. வாங்கும்போது "லினக்ஸ்ல டிரைவர் இல்லாமலே ஓடுமா?" என்று கேட்டு, கடையிலேயே செருகிப் பாருங்கள்.

## தமிழ்க் கோப்பு ஒரு பக்கம் சரியாக, இன்னொரு பக்கம் கோணலாக

எங்கள் தெருப் பொங்கல் விழா நோட்டீஸை வருடா வருடம் பழைய கோப்பிலேயே தேதி மாற்றி அச்சடிப்போம். போன முறை அதை லினக்ஸில் திறந்தபோது "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறிகள் நின்றன. இந்த ஐந்தும் வரிசையாக வந்தால் அது பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பு. எப்படித் தெரிகிறது என்பதைப் பொறுத்து வழி மாறும்.

### வெறும் கட்டங்களாகத் தெரிகிறது

தமிழ் எழுத்துரு நிறுவப்படவில்லை. "சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல்" கொடுத்தால் போதும்.

### ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது

பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தை ஒட்டி வைத்தவை. விண்டோஸில் அந்த எழுத்துரு இருப்பதால் சரியாகத் தெரிகிறது. இன்றைக்கு அச்சுக்குப் போக வேண்டும் என்றால் அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸுக்கு நகலெடுத்து, இரட்டைக் கிளிக் செய்து நிறுவுங்கள். நாளைக்கும் வேண்டும் என்றால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், இணையத்தில் மாற்றிகள் நிறைய இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகளிலும், ஸ்ரீ, க்ஷ போன்றவற்றிலும்தான் பிசகு ஒளிந்திருக்கும். நாங்கள் பாதி நாள் உட்கார்ந்து அந்த நோட்டீஸை மாற்றி முடித்தோம், இப்போது போனில்கூடத் திறக்கிறது.

### எழுத்து சரி, பக்கம் கலைந்துபோகிறது

விண்டோஸில் இருக்கும் நிர்மலா யுஐ, லதா எழுத்துருக்கள் லினக்ஸோடு வருவதில்லை. வேறு எழுத்துரு அந்த இடத்தில் உட்கார்ந்து வரியின் நீளத்தை மாற்றிவிடுகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம். இரண்டு பக்கமும் அதையே நிறுவி, கோப்பையும் அதிலேயே எழுதினால் பக்கம் நிற்கும்.

### தமிழ்99 தட்ட வரவில்லை

லினக்ஸில் "ஐபஸ்-எம்17என்" நிறுவி, ஒருமுறை லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். இதைச் செய்யாமல் பட்டியலில் தேடினால் கிடைக்காது. பிறகு கீபோர்ட் அமைப்பில் தமிழைத் திறந்து, பக்கத்தில் எம்17என் என்று குறித்திருக்கும் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## டேலியும் டோக்கனும் லினக்ஸில் ஓடவில்லை

இதைக் கோளாறாக எண்ணி மல்லுக்கட்ட வேண்டாம். அந்த வேலைக்கு விண்டோஸைத் திறங்கள். அடிக்கடி மாறி மாறிப் போக வேண்டியிருந்தால், 16 ஜிபி ரேம் இருக்கும் பட்சத்தில் லினக்ஸுக்குள்ளேயே விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸை வைக்கலாம். 8 ஜிபியில் இரண்டும் திணறும். தாக்கல் கடைசி நாளில் டோக்கனை அதற்குள் முதல்முறையாகச் சோதிக்காதீர்கள்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். பிள்ளைக்குத் தேவை சி, பைத்தான், டெர்மினல் மட்டும்தான் என்றால், விண்டோஸிலேயே "டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால்" என்ற ஒரு கட்டளையில் உபுண்டு வந்துவிடும். பூட் வரிசை, கடிகாரம், டி டிரைவ் எதிலும் தகராறு வராது. "ரெண்டு ஓஎஸ் போட்டுத் தாங்க அண்ணா" என்று கேட்டு வருபவர்களில் பாதிப் பேருக்கு நான் இப்போது இதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

## இரண்டுமே வரவில்லை

பயாஸுக்குள் போய் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள்.

தெரிகிறது, ஆனால் விண்டோஸ் நீலத் திரையில் "இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்" என்கிறது என்றால், பயாஸில் டிஸ்க் முறை மாறியிருக்க வாய்ப்பு அதிகம். சாட்டா மோட் அல்லது விஎம்டி என்ற வரியைத் தேடுங்கள். லினக்ஸ் போடும்போது மாற்றியது பயாஸ் ரீசெட்டில் பழையபடி ஆகியிருக்கும். இப்போது எது இருக்கிறதோ அதைப் போனில் படம் எடுத்துவிட்டு, மற்றதுக்கு மாற்றிப் பாருங்கள். வரவில்லை என்றால் படத்தில் உள்ளபடியே திரும்ப வையுங்கள்.

பெயரே தெரியவில்லை என்றால் சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை முப்பது வினாடி அழுத்திப் பிடித்துவிட்டு, மறுபடி ஒரே ஒரு முறை முயலுங்கள். அதற்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்து "டிக் டிக்" சத்தம் வந்தால் அந்த ஒரு முறையும் வேண்டாம், உடனே அணையுங்கள். சத்தம் வரும் டிஸ்க் சாதாரணக் கடைக்குப் போகக் கூடாது, டேட்டா மீட்பை மட்டுமே தொழிலாகச் செய்பவரிடம் போக வேண்டும்.

மற்றபடி எஸ்.பி. ரோட்டில் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு மெஷினில் சோதித்துச் சொல்லும் கடைகள் இருக்கின்றன. உங்கள் முன்னாலேயே கழற்றச் சொல்லுங்கள். இரண்டு ஓஎஸ் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லுங்கள், ஏனென்றால் லினக்ஸ் பகுதியை வெறும் காலி இடம் என்று நினைக்கும் பையன்கள் உண்டு. கல்லாவில் இருப்பவரிடம் தமிழில் பேசினாலும், வேலை செய்யும் பையனுக்குக் கன்னடத்தில் சொல்லிவிடுங்கள்: "ஃபார்மேட் மாடபேடி, டேட்டா பேக்கு." (ஃபார்மேட் செய்யாதீர்கள், டேட்டா வேண்டும்.) நான் அதையே ஒரு துண்டுத் தாளில் கன்னட எழுத்தில் எழுதி, லேப்டாப் மூடியின் மேல் டேப் போட்டு ஒட்டித்தான் கொடுப்பேன்.